விருந்தாளி மண் சுமக்கலாமா?

1

இந்தப் பங்குனியிலும் மலாயாவிலிருந்து ஒரு மாணவர் குழு திருச்சிப் பக்கம் சிரமதானம் செய்ய வருகிறதாம். போன வருடம் வந்த குழுவோடு மூன்று வாரம் இருந்தவள் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்படி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, மலாயாவில் நான் பிறந்த தைப்பிங்கிலிருந்து, குழுவை அனுப்புகிறவர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். என்ன கொண்டுவர வேண்டும், எதைச் சாப்பிடக்கூடாது, எப்படி நடந்துகொள்ள வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள்.

முந்தாநாள் உட்கார்ந்து எழுதினேன். அகலமான தொப்பி, கொசுவலை, வயிற்றுக் கோளாறுக்கு மாத்திரை, வெந்நீரை ஆற்றி வைத்துக் குடிக்க ஒரு கூஜா. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்கே சரியாகப் படவில்லை. அதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. ஆனால் அதை வாசித்துவிட்டு வருகிற பிள்ளை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் யாரையோ பார்க்க வருவது போலத்தான் வந்து இறங்கும். போன வருடம் என் தம்பி அப்படித்தான் வந்து இறங்கினான். அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நடந்ததை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குமேல் போய்விடும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா தைப்பிங்கில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். நான் கான்வென்டில் படித்தவள். இருபது வயதில் திருச்சியில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி ஏழு வருடம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் வாடகை வீடு. ஒரே மகள் வசந்தி. இப்போது ஆறு முடிந்துவிட்டது.

வந்த புதிதில் காலையில் யாரைப் பார்த்தாலும் தைப்பிங்கில் கேட்பதுபோல “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுவிடுவேன். கீரைக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்து, “ஏம்மா, என்னைப் பாத்தா பட்டினி கெடக்குறவ மாதிரியா இருக்கு?” என்று கேட்டாள். இப்போது நான் மறந்துபோய்ச் சொன்னால் வசந்தி என் முந்தானையை இழுத்து, “சாப்டாச்சான்னு கேளும்மா” என்று திருத்துகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், “எங்கம்மா வெளியூரு, அதான் அப்படிப் பேசுவாங்க” என்று எனக்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறாள். தைப்பிங் மழையைப் பற்றிச் சொன்னால், கதை கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் பாண்டி விளையாட ஓடிவிடுவாள்.

2

அந்தக் குழு வருவதற்கு முந்தைய ஐப்பசியில் வசந்திக்கு டைபாயிட் வந்தது. இருபத்தொரு நாள். அது இறங்கிய மறுநாள், தூக்கமில்லாத கண்ணோடு அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். “இந்த ஊர்த் தண்ணீரில் இவளை வளர்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடமே அனுப்பிவிடட்டுமா?” என்று ஒரு வரி அதில் எழுதிவிட்டேன்.

அப்பா அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதினார். “கான்வென்டில் இடத்துக்குச் சொல்லி வைத்துவிட்டேன். குழந்தை இங்கேயே தங்கிப் படிக்கட்டும். பங்குனியில் தனபாலன் மாணவர்களோடு அங்கே வருகிறான், திரும்பும்போது அழைத்து வந்துவிடுவான்.” தனபாலன் என் தம்பி. சிங்கப்பூரில் காலேஜில் படிக்கிறான்.

கடிதத்தை என் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். “உன் இஷ்டம்” என்றார். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே இரண்டு வார்த்தைதான்.

அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். எனவே குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் வேலையில் இறங்கினேன். அம்மை குத்தினோம், காலரா ஊசி போட்டோம். விசாரிக்க வந்த போலீஸ்காரரைப் பார்த்து வீட்டுக்கார மாமி பயந்துபோய், “பெருமாளே, நம்மாத்து வாசல்ல போலீஸா?” என்று கதவைச் சாத்திக்கொண்டார். விஷயம் தெரிந்ததும், “பச்சைக் குழந்தையைக் கடல் தாண்டி அனுப்பறேளா? என்னமோ, ரங்கநாதன் பாத்துப்பன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

கலெக்டர் ஆபீஸில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் நான் தைப்பிங் கடை விலாசத்தை எழுதியிருந்தேன். குமாஸ்தா பேனாவால் அதன்மேல் தட்டினார்.

“இது யாரோட அட்ரஸ்மா?”

“எங்க அப்பாவோடது, சார்.”

“குழந்தையோடத எழுதுங்க.”

“குழந்தை அங்கதான் போகப்போறா.”

“போற இடத்தக் கேக்கல. குழந்தை எந்த ஊருன்னு கேக்கிறேன்.”

அடித்துவிட்டு ஸ்ரீரங்கம் என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது என்று புதுத்தாள் கொடுத்து முழுவதையும் மறுபடி எழுதச் சொன்னார்.

3

மாணவர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் கலந்த குழு. வேலை செய்ய வேண்டிய இடம் திருவெள்ளறைக்கு அப்பால், என் கணவரின் அக்கா பொன்னம்மா வாழ்க்கைப்பட்ட ஊர். அந்த ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் மூன்று பர்லாங்கு தூரத்துக்கு வண்டித்தடம் மட்டும்தான் இருந்தது. மழை பெய்தால் பிள்ளைகள் வெளியூர் ஹைஸ்கூலுக்குப் போக முடியாது. ஏரியில் மண் வெட்டிச் சுமந்து போட்டு அதை ரோடாக்க வேண்டும். இரண்டு பக்கத்துப் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொல்ல நானும் வசந்தியும் அண்ணி வீட்டில் போய்த் தங்கினோம்.

தம்பி வந்த முதல் நாளே கிணற்றைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதையா குடிக்கிறீங்க? நல்ல வேளை, குழந்தை தப்பிச்சா” என்றான். திருச்சி மார்க்கெட்டில் ஆரம்பித்து மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை. நானும் அவனுக்கு ஏற்றபடி எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். பஸ் தாமதத்துக்கு, வெயிலுக்கு, சமயபுரத்துக் கூட்டத்துக்கு, தெருவில் படுத்திருந்த எருமைக்குக்கூட.

ஊர்ப் பொதுவில் வரவேற்புக் கூட்டம் நடந்தது. மாணவர் தலைவன் ஆங்கிலத்தில் நன்றாகத்தான் பேசினான். நாங்கள் விருந்தாளிகளாக வரவில்லை, உங்களோடு ஒருவராக வேலை செய்ய வந்திருக்கிறோம், எங்களுக்காக எதுவும் தனியாகச் செய்ய வேண்டாம் என்றான். அதைத் தமிழில் சொல்ல எழுந்த எனக்குத் திடீரென்று பயம் வந்தது. தனியாக எதுவும் செய்யாவிட்டால் இந்தப் பிள்ளைகள் வெயிலில் சுருண்டு விழுவார்கள். என் தம்பியும் அதில் ஒருவன். ஆகவே நான் இப்படிச் சொன்னேன்: “இவங்கல்லாம் என் பொறந்த ஊர்லேருந்து வந்திருக்காங்க. என் பொறந்த வீட்டு ஜனங்கன்னு நினைச்சு நல்லா பாத்துக்கணும்.”

கூட்டம் தலையாட்டியது. பெண்கள் பக்கத்தில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு எழுந்தது. நான் நன்றாகவே பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியும் கூடையுமாக மாணவர்கள் தடத்துக்குப் போனார்கள். அன்றைக்கு முடிக்க வேண்டிய தூரத்துக்கு முந்தின நாளே முளை அடித்து வைத்திருந்தது. அந்தத் தூரம் முழுவதும் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்துச் சமன் செய்யப்பட்டிருந்தது. ஊர் ஆண்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்து, ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். தொட்டியத்திலிருந்து என் மாமனார் அனுப்பிய வாழைத்தார் ஒன்றும் கட்டித் தொங்கியது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாணவர்கள் ஆறு மணிக்கே போனார்கள். வேலை அதற்குள் முடிந்திருந்தது. பிள்ளைகள் கிணற்றில் வாளி விடப் போனால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மாணவர்களைத் தனியாகப் பாயில் உட்காரவைத்து, தலைவாழை இலை போட்டு, ஊர்க்காரர்கள் தள்ளி நின்று பரிமாறினார்கள். யாரும் கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை.

நான்காம் நாள் தம்பி என்னை, மாணவர்கள் தங்கியிருந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனான். கூட மே லிங் என்ற சீனப் பெண்ணும் வந்தாள். டாக்டருக்குப் படிக்கிறவள். அவள் முகம் வாடியிருந்தது.

“அக்கா, உண்மையைச் சொல்லு” என்றான் தம்பி. “நாங்க தொட்டா தீட்டா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மண்ணத் தொட விடமாட்டேங்குறாங்க. வாளியத் தொட விடமாட்டேங்குறாங்க. கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்குறாங்க. மே லிங் கேக்குறா, என் கை பட்டா கிணறு கெட்டுப்போயிடுமான்னு. நான் என்ன பதில் சொல்றது? ஜாதியப் பத்திப் புத்தகத்துல படிச்சிட்டுத்தான் வந்தோம். இவ்வளவு மோசமா இருக்கும்னு நினைக்கல. இப்படிப்பட்ட ஊர்லயா வசந்திய வளக்கணும்னு நினைச்ச?”

மே லிங் ஆங்கிலத்தில், மெதுவாக, “எங்களைப் பிடிக்கவில்லை என்றால் போய்விடுகிறோம்” என்றாள்.

4

அண்ணி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தில் மாணவர் தலைவன் சொன்னதையும், நான் அதை விட்டுவிட்டு வேறு சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன் சரோஜா, படிச்ச பொண்ணுதானே நீ? மருமவளோட பொறந்த வீட்டு ஜனங்கன்னு நீதான ஊருக்கு முன்னாடி சொன்ன? சம்பந்தி வீட்டுப் பிள்ளைங்க தலைல மண் கூடைய ஏத்திவிட்டா நாளைக்கு எங்க மூஞ்சியில யாரு முழிப்பா? விருந்தாளி மண் சுமக்கலாமா? அதான் கோழி கூப்பிடறதுக்கு முன்னாடியே போயி எங்க ஆளுங்க வேலைய முடிச்சிட்டு வந்துடறாங்க. என் வீட்டுக்காரரு இடுப்பு ஒடிஞ்சு கெடக்குறாரு, போய்ப் பாரு.”

“அவங்க தீட்டுன்னு நினைச்சுட்டாங்க அண்ணி.”

“தீட்டா?” சிரிப்பு நின்றுவிட்டது. “தலைவாழை இலை போட்டது தீட்டுக்கா?”

“இப்ப என்ன செய்யறது? நான் எழுந்து நின்னு, விருந்தாளிங்க இல்லன்னு சொல்லிடட்டுமா?”

“சொன்னா ஆச்சா? வாயால விருந்தாளியாக்கிட்டு வாயால இறக்க முடியாது.” கொஞ்சம் யோசித்தார். “நாளைக்கு விடியக்காலைல எல்லாரையும் இங்க கூட்டிட்டு வா. பழையது போடறேன். நாலு பேரு பாக்கிற மாதிரி வாசல்ல வச்சே போடறேன். விருந்தாளிக்கு எவளும் பழையது போடமாட்டா. பழையது தின்னவன் வீட்டு ஆளு. வீட்டு ஆளு கூடை தூக்கினா யாரு கேக்கப் போறா?”

நீரூற்றி வைத்த சோறு. பச்சைத் தண்ணீரில் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஊறியது. டைபாயிட் வந்த வீட்டில் அதைப் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. பன்னிரண்டு பெற்றோர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மே லிங்கின் முகம் ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இதுவும் தப்போ என்று பள்ளிக்கூடம் வரை போகிற வழியெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் காலை வாசலில் பன்னிரண்டு பேரும் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். விஷயத்தை நான் முதலிலேயே விளக்கிவிட்டேன், என் தப்பையும் மறைக்கவில்லை. தம்பி என்னிடம் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தான். அண்ணி ஒவ்வொரு மண்சட்டியிலும் சோற்றைப் பிழிந்து போட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் இரண்டும் உப்பும் வைத்தார். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். “என்ன பொன்னம்மா, சம்பந்தி வீட்டாளுங்களுக்குப் பழையதா போடற?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

“சம்பந்தி வீட்டாளுங்க நேத்தே ஊருக்குப் போயிட்டாங்க மாமா. இது நம்ம வீட்டுப் பசங்க.”

ரொட்டியும் வெண்ணெயும் தின்று வளர்ந்த என் தம்பி ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கத் தெரியாமல் விழித்தான். மே லிங்தான் சட்டியைத் தூக்கிக் குடித்தாள். “எங்கள் வீட்டிலும் காலையில் கஞ்சிதான், உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் இருந்தால் இதேதான்” என்று சொல்லி இன்னொரு சட்டி கேட்டாள். அதை நான் தமிழில் சொன்னேன், இந்த முறை ஒரு சொல்லும் விடாமல். பெண்கள் கூட்டமாக அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

வசந்தி அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். அண்ணி என் காதருகே குனிந்து, “கையை எடு. தண்ணியக் கொதிக்கவச்சு ஆத்தித்தான் ஊத்தினேன். உன் மூஞ்சி போன போக்க நேத்தே பாத்தேனே” என்றார்.

5

அன்றைக்கு அவர்களை மண் சுமக்க விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரமும் விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கைகளில் கொப்புளம் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். “என்ன மாப்ள, மண்வெட்டி கடிக்குதா?” என்று என் தம்பியைக் கேட்பார்கள். முதல் வாரம் அவனைக் கும்பிட்டவர்களே இரண்டாவது வாரம் கூடை நிறையவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவன் அதில் பூரித்துப்போனான். கைக்குட்டை எப்போது மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது என்று நான் கவனிக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. ரோட்டில் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி ஒரு நாள் என்னிடம், “அவங்க மட்டும் ஏன் அங்க, அக்கா? அவங்களும் சம்பந்தி வீட்டு விருந்தாளிங்களா?” என்று கேட்டான். மறுநாளிலிருந்து அவன் தன் சட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப்போய் உட்கார்ந்தான். ஊரில் முணுமுணுத்தார்கள். அண்ணி மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் உட்கார்ந்த இடத்துக்குப் போய் அவனுக்கு ஊற்றினார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஊற்றினார் என்று சொல்ல முடியாது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் நடந்தது.

ரோடு முடிய இரண்டு நாள் இருந்தது. நானும் அண்ணியும் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எதிரில் வசந்தி இரண்டு பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் இந்த நேரம் கப்பலில் இருப்பாள் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

“அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டியா?” என்றார் அண்ணி.

“எங்க அப்பா நல்லா வச்சுப்பாரு அண்ணி. ஒரு குறையும் இருக்காது.”

“ஏன் இருக்கப் போவுது?” கல்லை எடுத்துப் போட்டார். “என்னையும் ஆறு வயசுல முசிறியில எங்க மாமா வீட்டுக்கு அனுப்பினாங்க. உனக்குத் தெரியாது, உன் வீட்டுக்காரன் அப்ப பொறக்கவே இல்ல. மாமா தங்கமானவரு. அவங்க பிள்ளைங்க அஞ்சும் காலைல பழையதுக்கு அடிச்சுக்கும். எனக்கு மட்டும் அத்தை தனியா உலை வச்சு சுடுசோறு போடுவாங்க. பத்து வருஷம் போட்டாங்க. ஒரு நாளும் என்னைத் திட்டினது கெடையாது.”

“திட்டாம வச்சிருந்தா நல்லதுதானே அண்ணி?”

“நல்லாத்தான் வச்சிருந்தாங்க” என்றார். முறத்தை ஒருமுறை புடைத்துவிட்டு, “அந்தப் பக்கம் கொஞ்சம் கல்லு கெடக்கு பாரு” என்றார்.

6

ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப்போக என் கணவர் வந்தார். திரும்பும் பஸ்ஸில் வசந்தி அவர் மடியில் தூங்கிவிட்டாள். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் சொன்னேன்.

“அவளை அனுப்பல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாலஞ்சு மாசமா அதத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்” என்றார்.

“அப்ப ஏன் சொல்லல? கேக்கும்போதெல்லாம் உன் இஷ்டம் உன் இஷ்டம்னீங்களே.”

“உன் பொறந்த வீட்டு விஷயம். நான் வேண்டாம்னு சொல்லி, நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தா, நீ சும்மா விடுவியா?”

“நான் அப்படியெல்லாம் சொல்லிக்காட்டமாட்டேன்.”

“மாட்டியா?”

யோசித்துப் பார்த்தேன். சொல்லித்தான் காட்டியிருப்பேன்.

தம்பியிடம் சொல்வதுதான் பெரிய பாடு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் கப்பல் டிக்கெட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தான். சொன்னதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வந்த அன்னைக்கு இதச் சொல்லியிருந்தா உன்னைப் பைத்தியம்னிருப்பேன்.”

“இப்ப?”

“இப்பவும் முழுசா ஒத்துக்கல, அக்கா. தண்ணி மோசம்தான். பள்ளிக்கூடத்துல பெஞ்சு இல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடுறவங்கள நான் மறக்கமாட்டேன். அப்பா கேட்டா எதையும் மறைக்கமாட்டேன்.”

“மறைக்காதே.”

“பொன்னம்மா அக்காவையும் சொல்லுவேன். ரோட்டையும் சொல்லுவேன்.” டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “அப்பாவுக்கு நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடு. என் வாயால மட்டும் சொன்னா, நான்தான் உன் மனசைக் கலைச்சேம்பாரு.”

நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் காரணங்கள் இருந்தன. வசந்தியின் உடம்பு தேறிவிட்டது, இங்கேயும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம். கடைசியில் எழுதியது இது: “அப்பா, குழந்தையை அனுப்பவில்லை. உங்களிடம் சொன்ன சொல்லை மாற்றுகிறேன். மன்னியுங்கள்.” அதற்குமேல் எழுதியதெல்லாம் சமாதானமாகத்தான் தோன்றியது.

திருச்சி ஜங்ஷனில் நாகப்பட்டினம் வண்டி கிளம்பும்போது பொன்னம்மா அண்ணி ஊரிலிருந்து பதினைந்து பேர் வந்து நின்றார்கள். மே லிங் அழுதாள். வசந்தி ஜன்னலுக்குள் கையை விட்டு மாமாவின் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்து, “இன்னும் வலிக்குதா?” என்று கேட்டாள். வண்டி நகர்ந்ததும் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். முதலில் பயம்தான் வந்தது.

7

அப்பாவிடமிருந்து ஐந்து மாதம் கடிதம் இல்லை. அவர் மாதம் தவறாமல் எழுதுகிறவர். தபால்காரர் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் நான் செய்தது தப்பென்று தோன்றும். வைகாசியில் வசந்திக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தபோது சமையலறையில் நின்று அழுதேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, தெருவில் விளையாடப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பெஞ்சு கிடையாது, மணையில் உட்கார்ந்து படிக்கிறாள். திருப்பாவையில் பாதி தெரியும், ஆங்கிலத்தில் பூனை என்று எழுதத் தெரியாது. நானே தினம் அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் கான்வென்டில் இருந்திருந்தால் இந்நேரம் வாசிக்கவே தொடங்கியிருப்பாள் என்ற எண்ணம் வராமலில்லை.

ஆவணியில் தைப்பிங்கிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. நீலநிறத்தில் கான்வென்ட் யூனிபாரம் கவுன் ஒன்று, தைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. பேத்தி வருவாள் என்று அப்பா துணி எடுத்துக் கொடுக்க அம்மா முன்கூட்டியே தைத்து வைத்திருக்கிறாள். கோபத்தில் அனுப்பினார்களா, வீணாக வேண்டாம் என்று அனுப்பினார்களா, எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அப்பாவின் கடிதங்கள் வழக்கம்போல வரத் தொடங்கின, கடை வியாபாரமும் மழையுமாக.

இங்கே பள்ளிக்கூடத்தில் யூனிபாரம் கிடையாது. வசந்தி அதைப் போட்டுக்கொண்டு போகிறாள். நன்றாக உழைக்கிற துணி. வளர்கிற பிள்ளைக்கென்று அம்மா அடியில் மூன்று மடிப்பு உள்ளே வைத்துத் தைத்திருந்தாள், அங்கே அவள் இருக்கப்போகிற வருடங்களைக் கணக்குப் பண்ணி. போன வாரம் அது முழங்காலுக்குமேல் ஏறிவிட்டது. வசந்தியை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு, ஊசி முனையால் அம்மாவின் தையலை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் மடிப்பைப் பிரித்துவிட்டேன்.